நம்பர் நாற்பத்து நாலு

டத்தின்: …அதான் கேக்கறேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

ஏமி: ஒரே மாதிரி இல்ல, டத்தின். ஒண்ணேதான். உள்ள ஓடற மெஷின் ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, கனம் ஒண்ணு. இது நீல டயல். இதை வருஷம் பூரா செய்வாங்க. அது பச்சை டயல். ஐம்பது பீஸ் செஞ்சாங்க, நிறுத்திட்டாங்க.

டத்தின்: ஏன் நிறுத்திட்டாங்க?

ஏமி: நிறுத்தினாத்தான் நீங்க வருவீங்க.

லோகன்: க்கும்…

டத்தின்: என்ன லோகன்?

லோகன்: ஏர்கோன் குளிரு, டத்தின். தொண்டையைப் பிடிக்குது.

டத்தின்: அப்போ வெளிய போய் நில்லு. டிரைவருக்கு வாட்ச் கடைக்குள்ள என்ன வேலை?

லோகன்: பை என்கிட்ட இருக்கு, டத்தின். சின்னவரோட பழைய வாட்ச்.

டத்தின்: சரி, அப்படி ஓரமா நில்லு. ஏம்மா, பேட்ஜுல என்ன போட்டிருக்கு… ஏமியா? பார்த்தா தமிழ்ப் பொண்ணு மாதிரி இருக்கு?

ஏமி: தமிழ்ப் பொண்ணுதான். கடைக்கு ஏமி.

டத்தின்: வீட்டுல?

ஏமி: வீட்டுல வேற. பச்சையை எடுத்துக் காட்டட்டுங்களா?

டத்தின்: பார்க்கவா வந்தேன்? வாங்க வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை என் மகனுக்குப் பொண்ணு பேச வராங்க. பொண்ணோட அப்பா பெரிய டாக்டர். அவங்க முன்னாடி விமலன் கையில நான் இதைக் கட்டணும்.

ஏமி: வாழ்த்துகள், டத்தின்.

டத்தின்: ம்.

ஏமி: ஆனா லிமிட்டட் பீஸை அப்படியே எடுத்துக் குடுக்க முடியாது. சில கேள்வி கேக்கணும். கம்பெனி ரூல்.

டத்தின்: கார்டு குடுக்கறேன், தேய்ச்சுக்கோ. கேள்வி எதுக்கு?

ஏமி: கார்டு எல்லார்கிட்டயும் இருக்கு, டத்தின். குடும்பம் பார்ப்பாங்க.

டத்தின்: என்னது?

ஏமி: நல்ல இடத்துக்குத்தான் போகுதான்னு பார்ப்பாங்க. இன்னைக்கு வாங்கி நாளைக்கு வேற எவனுக்காவது தள்ளி விட்டுட்டா? உட்காருங்க. காப்பி? தண்ணி?

டத்தின்: ஒண்ணும் வேணாம். கேளு, கேளு. சீக்கிரம்.

ஏமி: உங்க வீட்டுக்காரர், டத்தோ, என்ன பண்றாரு?

டத்தின்: காண்ட்ராக்ட். ரோடு, பாலம், எல்லாம். நீ தினம் வேலைக்கு வர்ற ரோடே அவர் போட்டதா இருக்கும்.

ஏமி: நான் கொமுட்டர் ரயில்ல வரேன். சொந்த ஊரு எது, டத்தின்?

டத்தின்: பங்சார்.

ஏமி: அது இப்போ. அதுக்கு முன்னாடி?

டத்தின்: அதெல்லாம் எதுக்கு?

ஏமி: பூர்வீகம் கேப்பாங்க.

டத்தின்: வாட்சுக்குப் பூர்வீகமா?

ஏமி: எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

டத்தின்: எப்போ?

ஏமி: மொதல் தடவை கேட்டப்போ. சொல்லுங்க.

டத்தின்: …சுங்கை வே. போதுமா? எங்கப்பா அங்க ஃபேக்டரியில இருந்தாரு.

ஏமி: என்ன வேலை?

டத்தின்: சூப்பர்வைசர்.

லோகன்: கேட்டுல ஜாகாவா, காவலுக்கு உட்கார்ந்திருந்தேன்னு பெரியவர் சொல்லுவாரு… ராத்திரி பூரா கொசுவாம்…

டத்தின்: லோகன்!

லோகன்: ஏர்கோன், டத்தின்.

ஏமி: சூப்பர்வைசர்னே வச்சுக்கறேன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?

டத்தின்: இந்தா பாரு, நான் பச்சை வாட்ச் வாங்க வந்தேன். உங்க கம்பெனியில வேலை கேட்டு வரல.

ஏமி: சரி, அதை விட்டுடறேன். எங்ககிட்ட ரெகுலர் பீஸ் ஏதாவது வாங்கியிருக்கீங்களா? மொதல்ல ரெகுலர், அப்புறம்தான் லிமிட்டட். இங்க அதுதான் முறை.

டத்தின்: மகன் வாங்கியிருக்கான். லோகன், எடு அதை.

லோகன்: இந்தாங்க… மா.

ஏமி: நன்றி அண்ணே. …நீல டயல். ஆமா, நம்ம கடைதான். நான்தான் வித்தேன்.

டத்தின்: ஞாபகம் இருக்கா?

ஏமி: இருக்கு. லிமிட்டட் வேணும்னு வந்தாரு. மொதல்ல ரெகுலர் வாங்குங்கன்னேன். வாங்கினாரு. அடுத்த வாரம் லூஸா இருக்குன்னு வந்தாரு. செயின்ல ஒரு லிங்க் கழட்டினேன். அதுக்கு அடுத்த வாரம் டைட்டா இருக்குன்னு வந்தாரு. அதே லிங்க்கைத் திருப்பிப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் வந்து மணி என்னன்னு கேட்டாரு.

டத்தின்: வாட்ச் கட்டிக்கிட்டா?

ஏமி: கட்டிக்கிட்டுத்தான்.

டத்தின்: அவன் அப்படித்தான். நல்ல பையன். சுத்தி இருக்கறவங்க சரியில்ல. …இப்போ பச்சை எத்தனை இருக்கு?

ஏமி: ஒண்ணுதான். பின்னாடி நம்பர் வெட்டியிருக்கும். நாப்பத்து நாலு.

டத்தின்: அது மட்டும் ஏன் போகாம நிக்குது?

ஏமி: சீனக் கஸ்டமருங்க நாலுன்னாலே கையை இழுத்துக்குவாங்க, சாவு நம்பராம். இதுல ரெண்டு நாலு. நம்ம ஆளுங்க நாலுதானேன்னு தைரியமா எடுப்பாங்க. கையில கட்டிப் பார்ப்பாங்க. செல்ஃபி எடுப்பாங்க. அப்புறம் நாலையும் நாலையும் கூட்டுவாங்க.

டத்தின்: எட்டு.

ஏமி: எட்டு.

டத்தின்: சனி!

ஏமி: அதேதான். கழட்டி வச்சுட்டு, வீட்டுல கேட்டுட்டு வரேம்பாங்க. வேற நாட்டுல எல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு. இந்த ஒரு ஊர்லதான் ரெண்டு பக்கமும் பயந்து போய் அப்படியே நிக்குது.

டத்தின்: மலாய்க்காரங்க?

ஏமி: ஒருத்தர் வந்தாரு. பச்சை அழகா இருக்கு, சைஸ் பத்தலைன்னுட்டாரு.

டத்தின்: எட்டு… ஞாயித்துக்கிழமை நல்ல காரியம். எட்டைக் கொண்டு போய் அவன் கையில கட்டறதா?

ஏமி: நீலத்துல நம்பரே கிடையாது, டத்தின். கூட்டவும் வேணாம், பயப்படவும் வேணாம். மணி அதேதான் காட்டும்.

டத்தின்: எனக்கு ரெகுலர் வேணாம். அதை அவனே வேணாம்னு மேசையில கழட்டி வச்சுட்டுத்தானே வீட்டை விட்டுப் போனான்.

ஏமி: எங்க போனாரு?

டத்தின்: வெளியூர் மாதிரி.

ஏமி: வெளியூர்னா?

டத்தின்: சாலாக் செலாத்தான்.

ஏமி: அது இங்கேருந்து அரை மணி நேரம் கூட…

டத்தின்: எங்களுக்கு அது வெளியூர்தான்! அங்க ஏதோ ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். புதன்கிழமை புதன்கிழமை லோகன்கிட்ட சாப்பாடு குடுத்து விடறேன். சாப்பிடறானா லோகன்?

லோகன்: சாப்பிடறாரு, டத்தின். நல்லாவே சாப்பிடறாரு.

ஏமி: ஏன் போனாரு?

டத்தின்: இதுவும் கம்பெனி ரூலா?

ஏமி: இது நான் கேக்கறேன்.

டத்தின்: ஒரு பொண்ணு. போர்ட் கிள்ளான்ல. அப்பன் கன்டெய்னர் லோரி ஓட்டறவன். இவன் என்னமோ அவதான் உலகத்துலயே கிடைக்காத பீஸு மாதிரி…

ஏமி: நீங்க பார்த்தீங்களா?

டத்தின்: போட்டோ பார்த்தேன், போதும். போன்ல ஒரு தடவை பேசினேன். அப்பா என்ன வேலைன்னு கேட்டா, "ஏன் ஆன்டி, லோரி வேணுமா?"ன்னு கேக்கறா.

லோகன்: க்கும்… க்கும்…

டத்தின்: தண்ணி குடி லோகன், செத்துத் தொலையாதே. …பொண்ணுங்களும் உங்க வாட்ச் மாதிரிதாம்மா. ஒண்ணு ரெண்டு லிமிட்டட். மீதியெல்லாம் வருஷம் பூரா வந்துக்கிட்டே இருக்கும்.

ஏமி: உள்ள ஓடறது ஒண்ணுதான், டத்தின்.

டத்தின்: அதை விக்கறவ சொல்லலாம். வாங்கறவ சொல்ல முடியாது. அந்த வீட்டுல மொதல் பட்டதாரி அவதானாம். அதுக்கு என்னா திமிரு!

ஏமி: மொதல்னா அப்போ அவ லிமிட்டட்தானே? ஆனா கவலைப்படாதீங்க. தங்கச்சி போன வருஷம் பட்டம் வாங்கிட்டா. தம்பி கடைசி செமஸ்டர். அந்த வீட்டுல பட்டதாரி இப்போ ரெகுலர் புரொடக்‌ஷன்.

டத்தின்: உனக்கு எப்படித் தெரியும்?

ஏமி: உங்களுக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான்.

டத்தின்: …போதும், அமுதவள்ளி.

அமுதவள்ளி: சரிங்க, டத்தின்.

டத்தின்: உள்ள நுழைஞ்சப்பவே தெரியும் எனக்கு. இந்தக் கட்டடத்துல எத்தனை வாட்ச் கடை இருக்கு! நான் ஏன் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்னு நெனச்ச?

அமுதவள்ளி: எனக்கும் தெரியும். வாசல்ல நீங்க செக்யூரிட்டியை அதட்டின குரல் கேட்டுச்சு. போன்ல கேட்ட அதே குரல்.

டத்தின்: அப்போ இந்தக் கேள்வியெல்லாம்?

அமுதவள்ளி: உங்களோடதுதான். அப்பா என்ன பண்றாரு, பூர்வீகம் எது, என்ன படிச்ச. அதே வரிசை. நான் ஒண்ணும் சேர்க்கல.

டத்தின்: கம்பெனி ரூல்னியே?

அமுதவள்ளி: கம்பெனி ஒரே ஒரு கேள்விதான் கேக்குது. யார் கட்டப் போறாங்க. அவ்வளவுதான். வெள்ளைக்காரன் வாட்சுக்கு அது போதும்னு நெனக்கிறான்.

டத்தின்: என்னை உட்கார வச்சு, டிரைவர் முன்னாடி…

அமுதவள்ளி: நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினீங்க, டத்தின். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. நீங்க கேட்ட மறு நிமிஷம் எங்கப்பா லோரி ஓட்டறாருன்னு சொன்னேன். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. உங்கப்பா ஜாகான்னு லோகன் அண்ணே சொல்லித்தான் எனக்குத் தெரியணும். வித்தியாசம் அங்கதான் இருக்கு. லோரியில இல்ல.

டத்தின்: …வாய். அந்தப் போன்லயும் இதே வாய்.

அமுதவள்ளி: இது ரெகுலர்தான். எப்போ வந்தாலும் கிடைக்கும்.

டத்தின்: சரி. நான் சண்டைக்கு வரல. நேராவே பேசறேன். ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கு வரான். நான் கூப்பிடல, அவனா போன் பண்ணினான். "அம்மா, ஞாயித்துக்கிழமை வரேன், ஒரு விஷயம் சொல்லணும்"னான். குரல் இறங்கியிருக்கு. மனசு மாறிட்டான். அதான் டாக்டர் வீட்டையும் அன்னைக்கே வரச் சொல்லிட்டேன்.

அமுதவள்ளி: அவங்க வராங்கன்னு அவருக்குத் தெரியுமா?

டத்தின்: வந்து பார்த்தா தெரியும். இந்தப் பச்சைக்காக ஆறு மாசம் தூங்காம கெடந்தவன் அவன். நான் கையில கட்டினா எழுந்து போக மாட்டான். உட்கார்ந்துடுவான். எனக்கு என் மகன் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான். அவன் ரூமைத் தொறந்தா இன்னும் அவன் சென்ட் வாசனை அடிக்குது… சரி, அதெல்லாம் உனக்கு எதுக்கு.

அமுதவள்ளி: …நான் என்ன செய்யணும்?

டத்தின்: அன்னைக்கு ஒரு நாள் அவனுக்குப் போன் பண்ணக் கூடாது.

அமுதவள்ளி: பண்ண மாட்டேன்.

டத்தின்: மெசேஜ்?

அமுதவள்ளி: மெசேஜும் பண்ண மாட்டேன்.

டத்தின்: சத்தியமா?

அமுதவள்ளி: எங்கம்மா மேல சத்தியமா. அன்னைக்கு அதுக்கு அவசியமே வராது.

டத்தின்: இவ்வளவு ஈஸியா ஒத்துக்கிட்ட?

அமுதவள்ளி: கஸ்டமர் கேக்கறீங்க.

டத்தின்: பரவால்ல… நீ நான் நெனச்ச அளவு மோசமில்ல. ஜொகூர்ல டத்தோ ஆபீஸ் இருக்கு. நல்ல வேலையா வாங்கித் தரச் சொல்றேன். கடையில நின்னு நின்னு கால் வீங்க வேணாம்.

அமுதவள்ளி: ஜொகூர் எனக்கு வெளியூர், டத்தின்.

லோகன்: க்கும்.

டத்தின்: லோகன், நீ வீட்டுக்குப் போறப்போ கிளினிக்ல காட்டு. சரி, வாட்சை எடு.

அமுதவள்ளி: எட்டு பரவால்லையா?

டத்தின்: பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல வச்சு ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டுடலாம்.

அமுதவள்ளி: இந்தாங்க. இன்னும் ஒண்ணு. லிமிட்டட் பீஸுக்கு இந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கரை இங்கயே உரிச்சுத்தான் குடுப்போம். உரிச்சுட்டா திருப்பி எடுத்துக்க மாட்டோம்.

டத்தின்: உரி.

அமுதவள்ளி: நல்லா யோசிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை என்ன ஆனாலும் திரும்பி வாங்க மாட்டாங்க.

டத்தின்: உரின்னேன்ல!

அமுதவள்ளி: …உரிச்சாச்சு.

டத்தின்: பழைய வாட்சை வச்சு அளவு எடுத்துக்கோ. …இல்ல, இரு. அதுலேருந்து ரெண்டு லிங்க் கழட்டிடு.

அமுதவள்ளி: ஏன்?

டத்தின்: இளைச்சிருப்பான். வாரத்துல ஒரு நாள்தானே என் சாப்பாடு போகுது. மீதி நாள் என்னத்தத் தின்னானோ, கடையில தபாவ் பண்ணி, பொட்டலத்தைப் பிரிச்சு, காஞ்சு போய்… கட்டறப்போ தொளதொளன்னு தொங்கினா டாக்டர் வீட்டு முன்னாடி எனக்குத்தான் அசிங்கம்.

அமுதவள்ளி: லோகன் அண்ணே…

லோகன்: சொல்லுமா.

அமுதவள்ளி: புதன்கிழமை சாப்பாடு கொண்டு போறீங்களே, சாலாக் செலாத்தானுக்கு. ரோடு ஜாமா இருக்குமே?

லோகன்: இருக்கும்மா. ஃபெடரல் ஹைவேயில ரொம்ப.

டத்தின்: சாலாக் செலாத்தான் போறதுக்கு எதுக்குடா ஃபெடரல் ஹைவே?

லோகன்: க்கும்…

டத்தின்: அது கிள்ளானுக்கில்ல போகுது?

அமுதவள்ளி: டத்தின், லிங்க் கழட்ட வேண்டாம். ஒண்ணு சேர்க்கணும்.

டத்தின்: என்னது?

அமுதவள்ளி: ஒண்ணு. ஒண்ணரை இருந்தா இன்னும் நல்லா இருக்கும். இந்த மாடல்ல அரை லிங்க் வரல.

டத்தின்: நீ அவனைப் பார்த்தியா?

அமுதவள்ளி: காலையில பார்த்தேன்.

டத்தின்: காலையில எங்க?

அமுதவள்ளி: தோசைக் கல்லு பக்கத்துல. எங்கம்மா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அவர் போதும்னு சொல்லத் தெரியாம உட்கார்ந்திருப்பாரு. லீவு நாள்னா எங்கப்பா துறைமுகத்துலேருந்து நண்டு வாங்கிட்டு வந்துடுவாரு. இது பத்தாதுன்னு புதன்கிழமை உங்க வீட்டு டிஃபின் கேரியர் வேற. ரெண்டு வீட்டுச் சாப்பாட்டை ஒரு உடம்பு தாங்குமா?

டத்தின்: என் சாப்பாடு… உங்க வீட்டுக்கா வருது?

அமுதவள்ளி: வருது. நல்லா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பா அந்தக் கோழிப் பிரட்டலுக்காகவே புதன்கிழமை டிரிப்பை மாத்திக்கிட்டாரு. மீன் குழம்புல மட்டும் புளி கொஞ்சம் தூக்கல், அத்தை.

டத்தின்: என்னன்னு கூப்பிட்ட?

அமுதவள்ளி: வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. டத்தோ, டத்தின் பட்டமெல்லாம் நீங்க வாங்கினது. இது நான் ரிஜிஸ்டர் பண்ணினது.

டத்தின்: எப்போ?

அமுதவள்ளி: ஏப்ரல் பதினேழு. கூட்டினா எட்டு, நம்ம ஆளுங்க ஒருத்தர் கூட வரல. சீனக்காரங்க முன்னோர் கல்லறைக்குப் போற மாசம், அவங்களும் வரல. கல்யாண ரிஜிஸ்டர் கவுண்டர் காலி. கேட்ட உடனே தேதி குடுத்துட்டாங்க.

டத்தின்: ஞாயித்துக்கிழமை அவன் சொல்லணும்னது…

அமுதவள்ளி: இதைத்தான். குரல் இறங்கலங்க, அத்தை. சளி.

டத்தின்: போன் பண்ண மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணினியே!

அமுதவள்ளி: பண்ண மாட்டேன். பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு யாராவது போன் பண்ணுவாங்களா? டாக்டர் வீட்டுக்கு மட்டும் நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க. பாவம், பழத்தட்டோட வந்து நிப்பாங்க.

டத்தின்: வாட்சைத் திருப்பி எடு.

அமுதவள்ளி: ஸ்டிக்கர் உரிச்சாச்சு.

டத்தின்: மேனேஜரைக் கூப்பிடு!

அமுதவள்ளி: கூப்பிடறேன். அவரும் ரூலைத்தான் சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை நீங்களே அவர் கையில கட்டுங்க, அத்தை. நான் குறுக்க வர மாட்டேன். எட்டு எங்களுக்கு ஒண்ணும் பண்ணல. லிங்க் மட்டும் சேர்த்துத் தரேன்.

டத்தின்: இரு… இரு. சாட்சி இல்லாம ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்களே. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ஒண்ணு உங்கப்பன் போட்டிருப்பான்.

அமுதவள்ளி: ஆமா.

டத்தின்: எங்க பக்கத்துலேருந்து எவன் போட்டான்?

அமுதவள்ளி: லிங்க்கைச் சேர்த்துடட்டுங்களா, அத்தை?

டத்தின்: கேக்கறேன்ல! எங்க வீட்டு ஆளு யாரு போனது?

லோகன்: டத்தின்… நான் போய் காரை எடுத்துட்டு வரேன்.